காலண்டர் தாளின் பின்பக்கம்

எனக்குக் கை சும்மா இருந்தா காது கேக்காது. இதைச் சொன்னா நம்பறவங்க ரொம்பக் கம்மி. போன்ல யாராவது நாலு வார்த்தை பேச ஆரம்பிச்சாப் போதும், என் வலது கை தானா ஒரு பேனாவைத் தேடும். கிடைச்ச பேப்பர்ல வளையம் வளையமாப் போடும். வளையத்துக்குள்ள இன்னொரு வளையம், அதுக்கு ஒரு காம்பு, காம்புல ரெண்டு இலை. படம் வரையத் தெரியுமான்னு கேட்டீங்கன்னா தெரியாது. ஒரு பூனையை வரையச் சொன்னா உருளைக்கிழங்குக்குக் காது வெச்ச மாதிரி இருக்கும். நான் பண்றது வெறும் கிறுக்கல்.

எட்டாம் வகுப்புல கணக்கு டீச்சர் என்னைக் கையும் களவுமாப் பிடிச்சாங்க. நோட்டோட கடைசிப் பக்கம் பூரா சங்கிலி. எழுப்பி நிக்க வெச்சு, "நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்"னு கேட்டாங்க. நானும் சொன்னேன். வட்டத்தோட பரப்பளவுலேர்ந்து ஆரம்பிச்சு, நடுவுல அவங்க ஜன்னல் பக்கம் திரும்பி "மணி அடிக்கிறவன் எங்க போய்த் தொலைஞ்சான்"னு முணுமுணுத்தது வரைக்கும் ஒண்ணு விடாமச் சொன்னேன். வகுப்பே சிரிச்சுது. கிறுக்கினதுக்கு ஒரு குட்டு, ஒட்டுக் கேட்டதுக்கு ஒரு குட்டு, ரெண்டு விழுந்துச்சு.

அதுக்கப்புறம் நான் திருந்திட்டேனான்னா, இல்ல. புத்தூர்ல ஒரு ஸ்கேன் சென்டர்ல ரிசப்ஷன்ல இருக்கேன், பன்னெண்டு வருஷமா. நாள் முழுக்க போன்தான். வெறும் வயித்துல வரணுமா, ரிப்போர்ட் எப்பக் கிடைக்கும், டாக்டர் இன்னிக்கு இருக்காரா. சில பேர் கத்துவாங்க. சில பேர் ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னு கேக்கும்போதே அழுதுடுவாங்க. எனக்கு இயல்பாவே மூக்குக்கு மேல கோவம் வரும், அதை எங்க வீட்டுல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஆனா பேனா ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அந்தக் கோவம் கிட்ட வராது. மனசு வேற எங்கயும் ஓடாது. சமைக்கும்போது அடம் பிடிக்கிற குழந்தை கையில ஒரு கரண்டியைக் குடுத்து உக்கார வெப்போம் இல்லையா, அது பாட்டுக்குத் தட்டிக்கிட்டு இருக்கும், நாம நம்ம வேலையைப் பார்க்கலாம். எனக்குப் பேனா அந்தக் கரண்டி. அது கையில இருந்தாத்தான் எதிர்ல இருக்கிறவங்க சொல்றது முழுசா உள்ள வந்து உக்காரும்.

வீட்டுல எனக்குக் கிறுக்கறதுக்குன்னே ஒரு இடம் உண்டு. ஸ்ரீரங்கத்துல அம்மா மண்டபம் ரோடு பக்கம் மாடியில வாடகைக்கு இருக்கோம். சமையல்கட்டுச் சுவத்துல மளிகைக் கடையில குடுத்த தினசரி காலண்டர் தொங்கும். காலையில பால் காய்ச்சறதுக்கு முன்னாடி முந்தின நாள் தாளைக் கிழிக்கணும். முன்பக்கம் தேதி, நல்ல நேரம், ராகு காலம், சில நாள்ல சாமி படம்கூட இருக்கும். அதனால அதைக் கசக்கிக் குப்பையில போட மனசு வராது. பேப்பர் கால்ல பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறவங்க நாங்க. பின்பக்கம் வெள்ளையா இருக்கும், மளிகை லிஸ்ட் எழுத ஆகும்னு ஒரு பழைய ஸ்வீட் டப்பாவுல சேர்த்து வெப்பேன். லிஸ்ட் எழுதப் போனா எல்லாத்துலயும் கிறுக்கி இருக்கும். டப்பா ரொம்பினா அடுத்த டப்பா.

அந்தக் கிறுக்கல் எல்லாம் எங்க வீட்டுக்காரரோட பேசும்போது வந்தது. அவரு வெல்டர். துவாக்குடி பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில வேலை பார்த்தாரு. அங்க ஆர்டர் குறைஞ்சதும் சவுதிக்குப் போனாரு. எட்டு வருஷம் ஆச்சு. தினம் ராத்திரி எட்டரைக்கு போன் வரும், அங்க அப்பதான் ஆறு மணி. அவரு ஊர்ல இருந்தப்ப நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேசினது கிடையாது. கல்லுல நார் உரிக்கிற மாதிரி இருக்கும். அங்க போனதுக்கப்புறம்தான் பேச ஆரம்பிச்சாரு. தங்கியிருக்கிற கேம்ப்ல யார் குறட்டை விடறாங்க, சாம்பார்ல புளிக்குப் பதிலா எலுமிச்சம்பழம் பிழிஞ்சது, மணல் காத்து அடிச்சா மூக்குக்குள்ள என்ன ஆகும்னு அத்தனையும் சொல்வாரு. நான் இங்க போனைக் காதுல இடுக்கிக்கிட்டு அன்னிக்குக் கிழிச்ச தாள்ல வளையம் போட்டுக்கிட்டே கேப்பேன். எங்களுக்குக் கல்யாணம் ஆகி அப்ப பதினோரு வருஷம். அவரு யாருன்னு எனக்கு அந்த போன்லதான் தெரிஞ்சுது.

பிரச்சினை வீடியோ காலால வந்துச்சு. எங்க பொண்ணு புது போன் வாங்க வெச்சா. பருப்பு டப்பாவுல சாய்ச்சு வெச்சுட்டு நான் பாட்டுக்கு வழக்கம்போலத் தாளை எடுத்து வெச்சுக்கிட்டேன். அவருக்கு என் கை தெரியாது. குனிஞ்ச தலைதான் தெரியும்.

"என்ன பண்ற?"ன்னு கேட்டாரு.

"ஒண்ணும் இல்லைங்க. சொல்லுங்க, கேக்கறேன்."

"எங்க கேக்கற? கீழயே பார்த்துக்கிட்டு இருக்க."

அவரு கேட்டதுல தப்பும் இல்ல. அவரு வேலை அப்படி. முகமூடியில இருக்கிற கறுப்புக் கண்ணாடி வழியா ஒரே ஒரு புள்ளியைப் பார்த்துக்கிட்டு மணிக்கணக்கா உக்காரணும். கண்ணை எடுத்தா வெல்டிங் கோணிடும், ஒட்டின இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ரிஜெக்ட் பண்ணிடுவாங்க. கவனம்னா அவருக்குக் கண்தான். யாராவது பேசினா சாப்பிடறதைக்கூட நிறுத்திட்டு மூஞ்சியைப் பார்ப்பாரு. குனிஞ்சுக்கிட்டே ஒருத்தி கேக்க முடியும்னு அவருக்கு எப்படிப் புரியும்?

நானும் சொல்லிப் பார்த்தேன். "எனக்குக் கிறுக்கினாத்தாங்க கேக்கும்"னு சொன்னேன். "சின்னப் பிள்ளையா நீ?"ன்னு சிரிச்சாரு. அப்புறம் சிரிப்பும் நின்னு போச்சு. ஒரு நாள், "செவிடன் காதுல சங்கு ஊதற மாதிரி இருக்கு எனக்கு. உனக்கு வேலை இருந்தா சொல்லிடு, வெச்சுடறேன்"னு சொன்னாரு. சுருக்குன்னு இருந்துச்சு.

சரி, இந்த மனுஷனுக்காக விட்டுத் தொலைப்போம்னு முடிவு பண்ணேன். பொண்ணுதான் வழி சொன்னா. "அம்மா, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டு உக்காரு. கண்ணு போனை விட்டு நகரக் கூடாது." அப்படியே உக்காந்தேன், போட்டோவுக்கு உக்கார்ற மாதிரி. அவருக்கு ஒரே சந்தோஷம். "இன்னிக்குத்தான் நீ என்னோட பேசற"ன்னு சொன்னாரு. எனக்கோ அவரோட மூக்கு தெரியுது, பின்னாடி கொடியில துண்டு தொங்கறது தெரியுது, நாளைக்கு சீக்கிரம் போகணுமே, பஸ் காவிரிப் பாலத்துல மாட்டிக்காம இருக்கணுமேன்னு என்னென்னமோ ஓடுது. அவரு சொன்னது மட்டும் ஒண்ணும் உள்ள போகல. "ம்ம், ம்ம்"னு தலையை ஆட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எட்டரை ஆச்சு, ஒம்பது ஆச்சு, போன் வரல. நான் அடிச்சா ஸ்விட்ச் ஆப். சனிக்கிழமையும் அப்படியே. சமயபுரத்தாளுக்கு மாவிளக்கு போடறேன்னு வேண்டிக்கிட்டேன். கடைசியில அவரு ரூம்ல இருக்கிற ஒரு தஞ்சாவூர்த் தம்பிக்கு போன் போட்டேன். "அண்ணன் வேற சைட்டுக்குப் போயிருக்காருங்க அண்ணி. அங்க டவர் கிடையாது, ரெண்டு நாள் பேச முடியாது. உங்ககிட்ட வியாழக்கிழமையே சொன்னாரே, நான் பக்கத்துலதான் இருந்தேன்"னு அந்தத் தம்பி சொல்லிச்சு.

வியாழக்கிழமைதான் நான் கையைத் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டு உக்காந்த நாள்.

ஞாயித்துக்கிழமை அவரு பேசினாரு. தம்பி சொல்லியிருக்கும்போல. திட்டல. திட்டியிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு போட்டிருப்பேன், சரியாப் போயிருக்கும். "மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருந்தும் கேக்கலயா நீ?"ன்னு மட்டும் கேட்டாரு. நான் என்ன சொல்றது? உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருந்ததாலதான் கேக்கலன்னு சொன்னா, அது வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சற மாதிரி இருக்காதா? சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்.

அதுலேர்ந்து போன் சுருங்கிப் போச்சு. "சாப்பிட்டியா? நான் சாப்பிட்டேன். நல்லா இருக்கேன். வைக்கவா?" அவ்வளவுதான். வீடியோவும் வராது, நெட் சரியில்லைன்னு சொல்வாரு. குறட்டைக் கதை இல்ல, எலுமிச்சம்பழக் கதை இல்ல. நான் கோவம்னு நினைச்சேன். கோவம் தணியட்டும்னு விட்டேன். வீடியோ இல்லாததால பேனா மறுபடியும் கைக்கு வந்துச்சு, ஆனா கேக்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. ஆறு மாசம் இப்படி ஓடுச்சு. என் புருஷன் மறுபடியும் பேசாத மனுஷனா ஆயிட்டாரேன்னு எனக்கு அழுகையா வரும். அதுக்குக் காரணம் நான்தான்னு வேற தெரியும்.

மார்கழி கடைசியில லீவுல வந்தாரு. ஏர்போர்ட்லேர்ந்து வரும்போது காவிரிப் பாலத்துல இடது பக்கம் தண்ணியைப் பார்க்கக் கழுத்தை முழுசாத் திருப்பினாரு. சுளுக்கோன்னு நினைச்சேன். வீட்டுல விருந்தாளி மாதிரி இருந்தாரு. காப்பி குடுத்தா வாங்கிக்குவாரு, நல்லா இருக்குன்னு சொல்வாரு. இவரு கோவத்தை நான் ஆறு மாசமா போன்லயே பார்த்துட்டேன், நேர்ல இருந்து இப்படி மரியாதையா நடந்துக்கறதைத் தாங்க முடியல.

நாலாம் நாள், பொண்ணு காலேஜுக்குப் போயிருந்தா. பூரி போடணும்னு மேல் அலமாரியிலேர்ந்து பெரிய வாணலியை எடுக்கச் சொன்னேன். அவரு கை பட்டு ஸ்வீட் டப்பா ஒண்ணு விழுந்து, தாள் எல்லாம் தரையில பரவிடுச்சு. குனிஞ்சு பொறுக்கினவரு ஒண்ணைத் திருப்பிப் பார்த்தாரு. இன்னொண்ணையும் பார்த்தாரு.

"நான் பேசும்போது பண்ணிக்கிட்டிருந்தது இதானா?"

"ஆமாங்க."

"நான் அங்க ஒண்டியா உக்காந்து மனசுல இருக்கிறதைச் சொல்வேன். நீ இங்க வளையம் போட்டுக்கிட்டு இருந்தியா?"

கோவமா இருந்தாப் பரவாயில்ல, குரல் உடைஞ்சிருந்துச்சு. எனக்குப் பொறுக்கல. அடுப்பை அணைச்சுட்டு அவரு எதிர்ல தரையிலயே உக்காந்தேன். "எதை வேணும்னாலும் எடுங்க"ன்னு சொன்னேன்.

ஒண்ணை எடுத்து நீட்டினாரு. ஒரு ஏணி, அதுக்கு மேல ஒரு உருண்டை. "தண்ணி டேங்க்ல புறா செத்துக் கிடந்துச்சு. யாரு ஏறி எடுக்கறதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டீங்க. உங்க பேர்தான் வந்துச்சு. எடுத்துட்டு வந்து ரெண்டு நாள் சோறு இறங்கலன்னு சொன்னீங்க."

அவரு இன்னொரு தாளை எடுத்தாரு. அதுல ஸ்பிரிங் மாதிரி சுத்திச் சுத்தி வெறும் கோடு. "பீகார்க்காரர் ஒருத்தர் பொண்ணுக்குக் கல்யாணம், லீவு கிடைக்கல. சப்பாத்தி தேய்ச்சுக்கிட்டே மாவுக் கையோட போன்ல கல்யாணம் பார்த்தாரு. நீங்கதான் போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. கை வலிச்சும் இறக்கலன்னு சொன்னீங்க."

அவரும் தரையில உக்காந்துட்டாரு. அடுத்தது ஒரே கட்டம் கட்டமா இருந்துச்சு. "இது உங்களுக்குத் தூக்கம் வராத நாள். உறையூர்ல உங்க வீட்டுக்குப் பின்னாடி தறிச் சத்தம் கேட்டுக்கிட்டேதான் தூங்குவீங்களாம். கேம்ப்ல ஜெனரேட்டர் ஓடற சத்தத்தைத் தறின்னு நினைச்சுக்கிட்டுப் படுத்துக்கறேன்னு சொன்னீங்க."

"இதை நான் சொன்னேனா?"

"சொன்னீங்க."

"எனக்கே ஞாபகம் இல்லையே"ன்னாரு. கையில இருந்த தாளைத் தொடைமேல வெச்சு நீவினாரு. அப்புறம் பரீட்சை வைக்கிற மாதிரி எடுக்கல, ஆசையா எடுக்க ஆரம்பிச்சாரு. ஒவ்வொண்ணுக்கும் நான் சொல்லச் சொல்லச் சிரிச்சாரு. "ராகு காலம், எமகண்டம் எதையும் விடாம சேர்த்து வெச்சிருக்க போலிருக்கு நீ"ன்னு முன்பக்கத்தைப் பார்த்துக் கிண்டல் பண்ணாரு. ஆறு மாசத்துக்கப்புறம் அந்தக் குரலைக் கேட்டேன்.

டப்பாவுல இடம் இல்லாம நான் ரப்பர் பேண்டு போட்டு ஓரமாச் சொருகின ஒரு கத்தை இருந்துச்சு, கடைசி ஆறு மாசத்துத் தாள். அதுலேர்ந்து ஒண்ணை உருவினாரு. "இது என்ன கதை?"

அதுல படமே இல்ல. ஒரே இடத்துல மேலயும் கீழயும் இழுத்த கோடு. பேனா குத்தி தாள் கிழிஞ்சிருந்துச்சு. திருப்பினா முன்பக்கத்துல நல்ல நேரம் போட்டிருக்கிற இடத்துல ஓட்டை. அடுத்த தாளும் அப்படித்தான். அதுக்கடுத்ததும். நான் அதையெல்லாம் அதுவரைக்கும் திருப்பிப் பார்த்ததே இல்ல, கிறுக்கினதை அப்படியே கட்டிப் போட்டதோட சரி. இப்பத்தான் வரிசையா ஒண்ணாப் பார்க்கறேன். ஆறு ஏழு தாளைத் தரையில பக்கத்துல பக்கத்துல வெச்சேன்.

"என்ன சொன்னேன் அன்னிக்கு?"ன்னு மறுபடியும் கேட்டாரு.

"நல்லா இருக்கேன்னு சொன்னீங்க."

அவரு நிமிந்து பார்த்தாரு.

"இதுல எல்லாம் அதான். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். நான் கேக்காமயே சொல்வீங்க, ஒரே போன்ல மூணு தரம். முன்னாடியெல்லாம் பின்னாடி கேக்கற இரும்பு தேய்க்கற கிரைண்டர் சத்தம், லாரிச் சத்தம் ஒண்ணும் இருக்காது. நான் கோவம்னு நினைச்சேங்க. என் கைக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. என்ன ஆச்சு உங்களுக்கு?"

அவரு வாணலியை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாரு, என்னமோ அதுக்கு ஏதாவது பண்ணணும்ங்கிற மாதிரி. அப்புறம் சொன்னாரு. அந்த ஞாயித்துக்கிழமை பேசினதுக்கு ரெண்டு நாள் கழிச்சு இடது கண்ணுல ஒரு இரும்புத் துண்டு தெறிச்சிருக்கு. பக்கத்துல ஒருத்தன் கிரைண்டிங் பண்ணிக்கிட்டு இருந்தானாம், இவரு அப்பதான் முகமூடியைத் தூக்கியிருக்காரு. எடுத்துட்டாங்க, மருந்தும் போட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் அந்தக் கண்ணுல புகை மூட்டம். வெல்டிங் டெஸ்ட்ல ரெண்டு தடவை ரிஜெக்ட். டூல் ஸ்டோர்ல உக்கார வெச்சுட்டாங்க, ஸ்பானர் எடுத்துக் குடுக்கற வேலை. வீடியோ வராததுக்கும் அதான் காரணம், கண்ணு சிவந்திருந்தது எனக்குத் தெரிஞ்சுடும்னு.

"ஏங்க சொல்லல?"

"நீதான் கேக்கறதே இல்லையே, சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

நான் அழுதேன். மறைக்கறதுக்கு என்ன இருக்கு, வாய் விட்டே அழுதேன். அவரு கை நீட்டி அந்தக் கிழிஞ்ச தாள்களை அடுக்கி, தட்டிச் சமன் பண்ணி, ரப்பர் பேண்டைப் போட்டாரு. அன்னிக்குப் பூரி போடல.

மறுநாள் நான் லீவு சொல்லிட்டு கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். நாளெல்லாம் மத்தவங்க ரிப்போர்ட்டைக் கவர்ல போட்டுக் குடுக்கறவளுக்கு, நம்ம ரிப்போர்ட்டுக்காக பெஞ்சுல உக்கார்றது எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. சொட்டு மருந்து விட்டு உக்கார வெச்சாங்க. ரெண்டு கண்ணும் கூசும், எதுவும் தெளிவாத் தெரியாது. எப்பவும் எதிராளி மூஞ்சியைப் பார்த்தே கேக்கற மனுஷன், கண்ணை மூடிக்கிட்டு என் புடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. உள்ள கூப்பிட்டாங்க.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கண்ணைப் பார்த்தாரு, ஸ்கேன் படத்தைப் பார்த்தாரு, விளக்கமாச் சொல்ல ஆரம்பிச்சாரு. அடிபட்டதுல கண்ணுக்குள்ள லென்ஸ் மங்கிப் போச்சு, ஆபரேஷன் பண்ணி அதை மாத்தலாம், பின்னாடி நரம்பு எப்படி இருக்குங்கறதைப் பொறுத்துத்தான் எவ்வளவு பார்வை வரும்னு சொல்ல முடியும். அதுக்கு ரெண்டு டெஸ்ட், மூணு மருந்து, எதை எப்பப் போடணும். அதுக்கு மேல எனக்குப் பயத்துல காது அடைச்சுக்கிச்சு. அந்த வியாழக்கிழமை ஆன மாதிரியே ஆச்சு. டாக்டரோட வாய் அசையறது தெரியுது, ஒரு வார்த்தை உள்ள வரல. இதையும் கோட்டை விட்டா நான் என்ன பொம்பளைன்னு நினைச்சேன். பேனா எடுக்கவும் கூச்சமா இருந்துச்சு, டாக்டர் முன்னாடி, இந்த மாதிரி நேரத்துல.

என் கை அவரு கைமேல இருந்துச்சு. விரல் தானா அவரு மணிக்கட்டுல வளையம் போட்டிருக்கும்போல, எனக்குத் தெரியல. அவரு கண்ணைத் திறக்காமயே சட்டைப் பையிலேர்ந்து பேனாவை எடுத்து என் கையில வெச்சாரு. மேஜை மேல இருந்த ஸ்கேன் கவரைத் தடவி எடுத்து என் மடியில போட்டாரு.

நான் ஒரு வளையம் போட்டேன். அதுக்குள்ள இன்னொண்ணு. அதுக்கு ஒரு காம்பு. டாக்டரோட குரல் ஒவ்வொரு வார்த்தையா வந்து உக்கார ஆரம்பிச்சுது. காலையில ஒரு சொட்டு, மத்தியானம் ஒரு சொட்டு, ஆபரேஷன் முடிஞ்சு தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது, குனிஞ்சு கனம் தூக்கக் கூடாது. அப்புறம் குரல் நின்னு போச்சு. டாக்டர் என் மடியைப் பார்த்துக்கிட்டு இருக்காருன்னு புரிஞ்சுது. "நான் சொல்றதைக் கொஞ்சம் கவனிக்கறீங்களாம்மா?"ன்னு கேட்டாரு.

எங்க வீட்டுக்காரர் கண்ணுக்கு எதுவும் தெரியாது, பேனா தாள்ல ஓடற சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

"நீங்க சொல்லுங்க சார்"னாரு. "அவ கேட்டுக்கிட்டுதான் இருக்கா."

நான் நிமிரல.